ஆறு மணிக்கு அணைக்காதீர்கள், ஐயா

கட்டடப் பராமரிப்புப் பிரிவினருக்கு வணக்கம்.

மூன்றாம் மாடி அளவீட்டு அறை பற்றித்தான். விவரம் உங்களுக்குத் தெரியும். நான்கு மனு கொடுத்தாயிற்று. மின்சாரச் சிக்கனத்துக்காக மாலை ஆறு மணிக்கு அந்த அறையின் ஏர்கோனை அணைக்கிறீர்கள். சரி. உள்ளே நான் செய்யும் ஆய்வும் மின்சாரச் சிக்கனம்தான்.

காந்த நினைவகச் சில்லில் ஒரு குட்டிக் காந்தத்தின் திசைதான் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. மின்னோட்டம் பாய்ச்சித் திருப்பினால் சில்லு சூடாகும், மின்சாரமும் வீண். மின்னழுத்தத்தால் திருப்பினால் செலவு பல மடங்கு குறையும். சில அணு அடுக்குக் கனமே உள்ள இரும்புப் படலத்தின் காந்தப் போக்கை மின்னழுத்தத்தால் மாற்றலாம் என்று 2009இல் ஓசாகா ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிக்கல் நேரத்தில்தான். மின்னழுத்தம் கொடுத்ததும் காந்தத்தின் திசை சுழலும். பாதிச் சுற்றில் நிறுத்தினால் திரும்பியிருக்கும், தாமதித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பாதிச் சுற்றுக்கு ஒரு நானோ வினாடிகூட ஆகாது. ஆயிரக்கணக்கான மின்னழுத்தத் துடிப்பு கொடுத்து எத்தனை தவறுகிறது என்று எண்ண வேண்டும். பகலில் அறை வகுப்புகளுக்கு. எனக்கு இரவுதான்.

ஏர்கோன் நின்ற கொஞ்ச நேரத்தில் பினாங்குப் புழுக்கம் உள்ளே வந்துவிடும். உலோகம் விரியும், சில்லைத் தொட்டு அளக்கும் ஊசி தொடுபுள்ளியை விட்டு நகரும், குளிர்ந்த பாகங்களில் வியர்வை மாதிரி ஈரம் படியும். போன செவ்வாய் இரவு ஊசி வழுக்கிச் சில்லைக் கீறிவிட்டது. ஐந்து வாரம் உட்கார்ந்து செய்த சில்லு. காலை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகப்பில் 'பசுமை வளாகம்' விளக்குப் பலகை மட்டும் விடிய விடிய எரிகிறது. அதற்கு ஆறு மணியே அடிக்காது போலும். 1972இலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பிறர் வடிவமைத்த சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் கொடுத்து வருகிறோம். 2024இல் மலேசிய அரசு அறிவித்த தேசியக் குறைக்கடத்தி (சில்லுத் தொழில்) திட்டத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போகிறார்களாம். நல்லது, அவர்களையும் ஆறு மணிக்குள் கண்டுபிடித்து முடிக்கச் சொல்லிவிடுங்கள்!

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மாடி முழுக்கக் கேட்கவில்லை. அந்த ஓர் அறைக்கு, திங்கள் முதல் வியாழன் வரை, இரவில் ஏர்கோனை அணைக்காமல் விடுங்கள். கட்டணத்தை எங்கள் ஆய்வு நிதியில் கழித்துக்கொள்ளலாம் என்று பேராசிரியரும் எழுதிக் கொடுத்துவிட்டார். தயவுசெய்து ஒரு கையெழுத்து. அடுத்த சில்லு இம்மாதக் கடைசியில் தயாராகிவிடும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி ஆய்வு மாணவி