மறுநாளும் மரத்திருந்தால்

ஆசிரியருக்கு,

வடசென்னையில் பல் மருத்துவமனைகள் பெருகிவருவது பற்றிய தங்கள் செய்தி கண்டேன். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் வேலை முடிந்து வந்து பல் பிடுங்கிக்கொள்ள முடிவது நல்லதே. ஆனால், அதன்பின் நீடிக்கும் மரப்பைப் பற்றி நோயாளியிடம் யாரும் வாய் திறப்பதில்லை. மரப்பு ஊசியின் வேகம் பொதுவாக 2 முதல் 5 மணி நேரத்தில் தணிந்துவிடும். மறுநாளும் கீழுதடும் முகவாயும் மரத்தே இருந்தால், கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு அடிபட்டிருக்கலாம். ஞானப்பல்லின் வேர் பலருக்கு அதை ஒட்டியே கிடக்கிறது. செயற்கைப் பல்லுக்காகத் தாடை எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட் திருகு நரம்புக் குழாயை அழுத்தினால், 24 முதல் 36 மணி நேரத்துக்குள் கழற்றுவதே பலன் தரும். எங்களிடம் வருபவர்களோ, மாதக்கணக்கில் பி-காம்ப்ளெக்ஸ் விழுங்கி, சவரக்கத்தி கீறியதும் டீ சுட்டதும் தெரியாத உதட்டோடு வருகிறார்கள். சிலருக்கு அதற்குள் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் தொடங்கிவிடுகிறது.

கீழ் ஞானப்பல்லைத் தொடுமுன், தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயும், மரப்பு அபாயத்தைத் தமிழில் சொல்லும் ஒப்புதல் படிவமும் கட்டாயமாக வேண்டும். மறுநாள் காலை தொலைபேசியில் விசாரிக்க இரண்டு நிமிடம் போதும் (கட்டணத்தை நினைவூட்ட அழைக்கிறார்களே!). மரப்பு இருந்தால் பஞ்சுநுனியால் தொட்டுப் பார்த்து, உணர்வற்ற எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து படமெடுத்து வைக்கலாம். எல்லை சுருங்கவில்லையெனில், 3 மாதம் தாண்டவிடாமல் கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு எக்ஸ்ரேயுடன் அனுப்ப வேண்டும்.

– பல் மருத்துவர், பழைய வண்ணாரப்பேட்டை