பட்டியலை யார் படித்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி நூலகங்களில் புத்தகம் வாங்க நிதி போதவில்லை என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உண்மைதான். ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் கல்லூரி நூலகராக இருந்த எனக்கு, பணம் வந்த ஆண்டுகளில்தான் வயிற்றைக் கலக்கும். பிப்ரவரி கடைசியில் தொகை வரும். மார்ச் 31க்குள் பில் போட்டாக வேண்டும். வாங்க வேண்டிய நூல்கள் என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட பட்டியல், பல நேரங்களில் விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலின் நகலாகவே இருக்கும். எழுத்துப்பிழைகூட மாறியிருக்காது.

2018இல் வணிகவியல் துறைக்கு அடிப்படை நூல் தொகுப்பு வாங்க 312 தலைப்புகள் கொண்ட பட்டியல் வந்தது. எங்கள் முதல்வர் வழக்கத்துக்கு மாறாக, அதைப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் வணிகவியல் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்தே நாளில் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தது. நிறுமச் சட்ட (கம்பெனிச் சட்ட) நூல்கள் ஒன்பதில் நான்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எழுதப்பட்டவை. 2013இல் புதிய சட்டமே வந்துவிட்டது. ஜிஎஸ்டி வந்த பிறகும் விற்பனை வரி நூல்கள் ஆறு இருந்தன. இவற்றை நானே கண்டுபிடித்திருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது.

என்னை அசத்தியது கடைசித் தாளின் பின்பக்கம். பட்டியலில் இல்லாதவற்றை அங்கே எழுதியிருந்தார். கூட்டுறவு பற்றி ஒரு நூலும் இல்லை. மாணவர்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் படிக்கிறார்கள். தமிழ் நூல்களோ இரண்டே இரண்டு. அடித்துத் தள்ளிய விற்பனை வரி நூல்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, ‘பழைய முறை தெரிய ஒரு பிரதி இருக்கட்டும்’ என்று குறித்திருந்தார். துறை தெரிந்த சக ஆசிரியரைத் தவிர யாருக்கு இது தோன்றும்?

இது புதிய யோசனை அல்ல. 1960களில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சான் டியாகோ, இர்வைன், சாண்டா குரூஸ் வளாகங்களுக்காக ஒன்றாக நூல் தேர்வு செய்தது. அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான் 1967இல் அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட கல்லூரி நூலகப் பட்டியல். அதன் வழியில் 2006இல் வந்த தொகுப்பில், துறைவாரியாகப் பதிப்பாசிரியர்கள் தேர்ந்தெடுத்ததைச் சக மதிப்பீட்டாளர்களும் பார்த்தார்கள். அந்தப் பட்டியலை அப்படியே வாங்கச் சொல்லவில்லை. நம் மாணவர்களுக்கு அதில் பெரும்பகுதி உதவாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழிமுறையை.

வெளி ஆள் பார்த்தால் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். நண்பர் ஒருவர் தம் கல்லூரியின் பொது அறிவுப் பட்டியலை என்னிடம் அனுப்பியபோது, ஒரே மாலையில் புரட்டிவிட்டு ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். மூன்று ஆண்டுகள் கழித்து அங்கே போனேன். அந்த நூல்களில், இரவல் தரும்போது தேதி குறிக்கும் சீட்டுகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள்: பட்டியலைப் பிப்ரவரியில் அல்ல, ஆகஸ்டிலேயே வெளிக்கல்லூரி ஆசிரியர் இருவருக்கு அனுப்புங்கள். விலையும் விற்பனையாளர் பெயரும் அதில் இருக்க வேண்டாம். எதை நீக்கலாம், எது இல்லை என்பதைக் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் பெயரோடு அதை நூலகப் பலகையில் ஒட்டுங்கள். பெயர் வெளியே தெரியும் என்றால் என்னைப் போல் யாரும் ஒரே மாலையில் முடிக்கமாட்டார்கள். விடைத்தாள் திருத்த ஊதியம் தருகிறோம். வணிகவியல் பட்டியலைத் திருத்திய அந்தப் பேராசிரியருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
திண்டுக்கல்