அந்த முதல் ராத்திரிக்கு யார் இருப்பார்கள் என்று கேள்

அன்புள்ள தோழிக்கு,

மகளுக்கு எட்டாவது மாதம் என்று படித்ததும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! தனியார் மருத்துவமனை, தனி அறை, ராத்திரி குழந்தையைப் பார்த்துக்கொள்ள நர்சரி வேறு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த நர்சரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் முன்பு வேலை பார்த்த தனியார் மருத்துவமனையிலும் அதைப் பெரிய வசதியாகத்தான் சொல்வோம். சிசேரியன் ஆன களைப்பில் அம்மா தூங்கட்டும் என்று குழந்தையை எடுத்துப் போய்விடுவோம், அழுதால் அங்கேயே பவுடர் பால். விடிந்ததும் கொண்டுவந்து மார்பில் போட்டால், வயிறு நிறைந்த பிள்ளை எப்படிக் குடிக்கும்? மூன்றாம் நாள் அந்தப் பெண் "எனக்குப் பால் பத்தலை சிஸ்டர்" என்று அழுவாள். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் புரோலாக்டின் என்ற, பால் ஊற வைக்கும் ஹார்மோன் சுரந்து பால் ஊறும், அந்த வாய்ப்பைக் கெடுத்ததே நாங்கள்தான். இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது.

இப்போது இருக்கும் இடத்தில் நோயுற்ற குழந்தைகளுக்கு மட்டும்தான் நர்சரி. மற்ற குழந்தைகள் இரவும் பகலும் அம்மா பக்கத்திலேயே. சிசேரியன் என்றாலும் அம்மா விழித்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்போடு தோல் படப் போட்டுவிடுகிறோம். சீம்பால் துளித்துளியாகத்தான் வரும், வீட்டார் பதறுவார்கள், ஆனால் முதல் நாள் ஒரு வேளைக்குக் குழந்தைக்கு வேண்டியது சில மில்லிதான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் பதற்றம் அடங்கிவிடும். அப்படி உட்கார ராத்திரி ஷிப்டில் பயிற்சி பெற்ற ஒரு ஆள் வேண்டும், நிர்வாகத்தோடு நாங்கள் அதிகம் போராடியது இதற்காகத்தான். அறைக்கும் ஆபரேஷனுக்கும் பில் போடுகிறார்கள், ஒரு நர்ஸ் அரை மணி நேரம் கூட இருந்து பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்க வைத்ததை எந்த பில்லில் சேர்ப்பது? அதனால்தான் தனியார் இடங்களில் அந்த வேலை கண்டுகொள்ளப்படாமலே போய்விடுகிறது.

பால் பவுடர் கம்பெனிக்காரர்கள் தாய்மாருக்கு இலவச சாம்பிள் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார சபை 1981லேயே நெறிமுறை கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பால் கொடுக்க உதவ மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை என்று 1989ல் வெளியிட்ட பத்துப் படிகளை 2018ல் திருத்தியபோது, மருத்துவமனை அந்த நெறிமுறையை முழுசாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதை முதல் படியிலேயே சேர்த்தார்கள். இது தனியார் மருத்துவமனைக்கும் சேர்த்துத்தான்.

பவுடர் பால் கொடுத்தே ஆகவேண்டிய நிலைமையும் சில குழந்தைகளுக்கு வரும், அது டாக்டர் காரணம் சொல்லிக் கொடுப்பது, அதில் எந்தத் தப்பும் இல்லை. நான் தப்பு என்று சொல்வது, அம்மாவைக் கேட்காமல் கொடுப்பதைத்தான்.

சரி, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீயும் கூடப் போ. குழந்தை ராத்திரி எங்கே இருக்கும், பால் கொடுக்க யார் உதவுவார்கள், வீட்டுக்குப் போன பிறகு மார்பு கட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றையும் கேள். எங்களிடம் கேளாமல் புட்டிப்பால் கொடுக்கக்கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது. பிரசவத்தன்று எந்த நேரமானாலும் போன் பண்ணு, எடுப்பேன்.

உன் பழைய தோழி