கடலில் எண்ணெய் கொட்டுவது எந்த விமானம்?

ஆசிரியருக்கு,

திருவனந்தபுரம் விமானம் ஒன்று கடல்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், குளச்சல், முட்டம் பக்கம் ‘எண்ணெயைக் கடலில் கொட்டுகிறார்கள்’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அங்கிருந்து வளைகுடா செல்பவை பெரும்பாலும் போயிங் 737, ஏர்பஸ் 320 வகைகள். அவற்றில் எரிபொருளை வெளியே விடும் அமைப்பே கிடையாது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்டு, ஹைட்ராலிக் (திரவ அழுத்த இயக்க அமைப்பு) கோளாறால் அந்த வட்டாரத்திலேயே 2 மணி நேரத்துக்கு மேல் சுற்றியதும் 737தான். அது எரிபொருளை எரித்துத்தான் எடையைக் குறைத்தது.

கொட்டும் வசதி இருப்பது போயிங் 777, 747 போன்ற பெரிய விமானங்களில். 777-300ஈஆர் சுமார் 351 டன்னோடு ஏறலாம். இறங்கும்போது 251 டன்தான் வரம்பு. அந்த வரம்புக்குள் இருந்தால், விநாடிக்கு 10 அடி வேகத்தில் தரையில் மோதினாலும் சக்கரக் கால்கள் தாங்கும். முழு எடையில் 6 அடி வேகத்துக்குத்தான் உத்தரவாதம். பிரேக்கும் கொதிக்கும், சக்கரத்திலுள்ள உருகு அடைப்பான் உருகி டயரில் காற்று இறங்கும்.

விமானி முதலில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். பிறகு சுவிட்சை ‘ஆர்ம்’ செய்து (தயார் நிலையில் வைத்து), மீதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சரிபார்த்து, இறக்கை நுனிப் பக்கமுள்ள இரு வால்வுகளையும் திறப்பார். 777-இல் நிமிடத்துக்கு 2.5 டன் வரை வெளியேறும். குறித்த அளவு வந்ததும் தானே நின்றுவிடும். 6,000 அடிக்குக் கீழே கொட்டக் கூடாது என்பது சர்வதேச நடைமுறை. மற்ற விமானங்களைப் பக்கவாட்டில் 10 கடல் மைல் விலக்கி வைப்பார்கள். வெளியேறுவது பெட்ரோல் அல்ல, வள்ளத்து மோட்டாருக்கு ஊற்றும் மண்ணெண்ணெயின் சுத்தமான வகை. நம் ஊர் வெப்பத்தில், அந்த உயரத்தில் விட்டால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். காற்று மாசு என்னவோ மாசுதான்.

தீப்பிடித்தால் கொட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கூடுதல் எடையோடே இறக்கிவிட்டுப் பிறகு கால்களையும் இறக்கையையும் பரிசோதிப்பார்கள்.

2020 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு 777, கொட்டத் தேவையில்லை என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, தாழ்வாகப் பறந்தபடியே கொட்டியது. பள்ளி மைதானத்தில் நின்ற குழந்தைகள் மேல் அது விழுந்தது. பயப்பட வேண்டியது இந்த மாதிரி மீறலுக்குத்தான்.

‘எரிபொருளைக் கொட்டிவிட்டுத் தரையிறங்கியது’ என்று செய்தி போடும்போது, அது எந்த வகை விமானம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.