சனிக்கிழமையும் 'புதிய' ரிங்கிட் விலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல கணினிகள் பகிர்ந்து காக்கும் பதிவேடான பிளாக்செயினுக்கு (சுருக்கமாக 'செயின்') வெளியுலகில் நடப்பது எதுவும் தானாகத் தெரியாது. டாலருக்கு எத்தனை ரிங்கிட், செம்பனை எண்ணெய் டன் என்ன விலை என்பதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓரக்கிள். ஒரு செயினில் ஓடிய ஓரக்கிளைப் பத்து, இருபது செயின்களுக்கு விரித்துவிட்டதாக இப்போது அறிவிப்புகள் வருகின்றன. அந்த எண்ணிக்கையை நம்பி யாரும் பணம் போட வேண்டாம். செயின் கூடக் கூட, தவறு நடக்கும் இடங்களும் கூடுகின்றன.

விரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அதே நோடுகள் (ஓரக்கிளுக்காக விலை திரட்டும் கணினிகள்) ஒவ்வொரு செயினிலும் நேரடியாக விலையை எழுதலாம். உதாரணமாக, 31 நோடுகளில் 10 பழுதானாலும் பொய் சொன்னாலும் அவை தரும் விலைகளின் நடுமதிப்பு தாங்கும். அந்தப் பலம் எல்லாச் செயினிலும் கிடைக்கும். செலவுதான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்பிசி இணைப்பு (செயினோடு பேசும் வாயில்) வேண்டும், அந்தந்தச் செயினின் டோக்கனில் (மின்நாணயத்தில்) 'கேஸ்' எனும் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். வாலெட்டில் டோக்கன் தீர்ந்தால் விலை சத்தமில்லாமல் நின்றுவிடும். இன்னொரு வழி, ஓரிடத்தில் கையொப்பமிட்டு பிரிட்ஜ் (செயின்களுக்கிடையே தகவலும் டோக்கனும் கடத்தும் பாலம்) மூலம் அனுப்புவது. மலிவு, ஆனால் விலையின் பாதுகாப்பு அந்தப் பிரிட்ஜின் பாதுகாப்பைத் தாண்டாது. 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பிரிட்ஜின் கையொப்பச் சோதனையில் இருந்த ஓட்டையால் ஈடே இல்லாமல் 120,000 ஈதர் (எத்தீரியம் செயினின் நாணயம்) மதிப்புள்ள டோக்கன்கள் உருவாக்கப்பட்டன. கையொப்பத்தைப் போலியாக்க முடிந்தவருக்கு விலையைப் போலியாக்குவது பெரிய வேலையல்ல.

நம் ரிங்கிட்டில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. பேங்க் நெகாராவின் கோலாலம்பூர் டாலர்–ரிங்கிட் மேற்கோள் விகிதம் வேலைநாளில் ஒருமுறை, பிற்பகல் 3.30க்கு வெளியாகிறது. ஓரக்கிள் விலையோ, குறிப்பிட்ட விழுக்காடு நகர்ந்தாலோ 'ஹார்ட்பீட்' எனப்படும் கால அளவு கடந்தாலோ புதுப்பிக்கப்படும். எத்தீரியத்தில் செயின்லிங்க் என்ற ஓரக்கிளின் ஈதர்–டாலர் விலைக்கு இது 0.5 விழுக்காடு அல்லது ஒரு மணி நேரம். ரிங்கிட்டுக்கும் இதையே வைத்தால் சனி, ஞாயிறிலும் மணிக்கொருமுறை பதிவு விழும். நேரமுத்திரை புத்தம் புதிது, விலை வெள்ளிக்கிழமையுடையது! நேரமுத்திரையை மட்டும் சோதித்து, அந்த விலையை நம்பிக் கடன் தரும் காண்ட்ராக்ட் (செயினில் தானாக இயங்கும் நிரல்) இதில் ஏமாந்தே தீரும். சந்தை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதையும் விலையோடு சேர்த்து அனுப்ப வேண்டும்; மூடிய நேரத்தில் புதுக் கடனையும் அடகு ஏலத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். விடுமுறைப் பட்டியலும் தேவை. பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினத்தன்று புர்சா மலேசியா மூடியிருக்கும். பினாங்கில் உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்கு அது வழக்கமான வேலைநாள்.

வெளிநாட்டு ரிங்கிட் வர்த்தகத்தை பேங்க் நெகாரா அங்கீகரிப்பதில்லை என்பதால் நம்பத்தக்க மூலங்களும் குறைவு. 31 நோடுகளும் ஒரே ஏபிஐயில் (தரவு வழங்கும் இணையச் சேவையில்) விலை எடுத்தால் அது ஒரு மூலம்தான்.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் போன்று எத்தீரியத்தின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குச் செயின்களில், பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் நின்றால் விலையும் நிற்கும். அது மீண்டும் ஓடத் தொடங்கியதும், கடன் வாங்கியவர் ஈடு சேர்ப்பதற்குள் அடகு ஏலம் போய்விடக்கூடும். சீக்வென்சர் நிலையை முதலில் பார்த்து, அது எழுந்தபின் 3,600 விநாடி பொறுப்பது வழக்கமான தற்காப்பு.

விலை முழு எண்ணாகவே பதிவாவதால் தசம இடங்களும் கவிழ்க்கும். செயின்லிங்கில் டாலர் விலைகளுக்குப் பெரும்பாலும் 8 இடங்கள், ஈதர் விலைகளுக்கு 18. பித் என்ற இன்னொரு ஓரக்கிள் பத்தின் அடுக்கெண்ணைத் தனியாகத் தருகிறது. இதை நிரலில் பதித்து நகலெடுக்காமல், ஒவ்வொரு முறையும் காண்ட்ராக்டிடமே கேட்டுப் பெறுவது நல்லது.

ஓரக்கிளை மாற்றும் அதிகாரமுள்ள நிர்வாகச் சாவியில் கவனம் வேண்டும். எத்தீரியத்தில் நம்முடையதாக உள்ள மல்டிசிக் (பலர் கையொப்பமிட்டால்தான் இயங்கும் கணக்கு) முகவரி வேறு செயினிலும் நம்முடையது என்ற உறுதி கிடையாது. 2022 இல் அப்படி எண்ணி ஆப்டிமிசத்தில் அனுப்பப்பட்ட 20 மில்லியன் ஓபி டோக்கன்களை, அந்த முகவரியில் முந்திக்கொண்டு காண்ட்ராக்டை நிறுவிய ஒருவர் கைப்பற்றினார். பெரும்பகுதி பிறகு திரும்பியது அதிர்ஷ்டம்.

புதிய செயினில் குறைந்தது இரண்டு வாரமாவது யாருடைய பணமும் சாராமல் ஓடவிட்டு, பழைய செயினின் ஒவ்வொரு பதிவோடும் ஒப்பிட வேண்டும். அதன் பிறகும் கடன் உச்சவரம்பைச் சிறிதாகவே வைத்துத் தொடங்கலாம். காண்ட்ராக்ட் முகவரி, ஹார்ட்பீட், விலக்க விழுக்காடு (விலை எவ்வளவு நகர்ந்தால் புதுப்பிக்கப்படும் என்பது), விலை மூலங்கள் ஆகிய நான்கையும் செயின்வாரியாக நிறுவனங்கள் வெளியிட வேண்டும். இத்தகைய அறிவிப்புகளைச் செய்தியாக்கும்போது தங்கள் நாளிதழ் இந்த நான்கையும் கேட்டு வாங்கிப் பிரசுரித்தால் வாசகர்களுக்குப் பயன்படும்.

இரு மென்பொருள் பொறியாளர்கள்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்