கிழக்கு சான் ஹொசே தலைமைப் பயிற்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

கலிபோர்னியாவின் கிழக்கு சான் ஹொசேயில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களின் தொண்டு அமைப்புகளை நடத்துகிறவர்களுக்கான தலைமைப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. பணம் தந்தவர்கள், கணக்கு பார்த்தவர்கள், கார் ஓட்டியவர்கள் என்று உதவியவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நன்றிக் கடிதங்கள் போய்விட்டன. பங்கேற்ற அமைப்புகளில் ஒன்றின் பொருளாளராக, உங்களுக்குத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

நீங்கள் கொடுத்தது எங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர்களின் ஊதியத்தை ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. உங்கள் பணம் போனது வேறு இடத்துக்கு. இந்தச் சின்ன அமைப்புகளில் இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். தொலைபேசி எடுப்பவரும் அவர்தான், வாடகை பாக்கிக்காக அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருபவரும் அவர்தான், சனிக்கிழமை உணவுப் பெட்டி கொடுப்பவரும் அவர்தான். அவர் வகுப்பில் உட்கார்ந்தால் அந்த வேலையை யார் செய்வது? பயிற்சி அறிவிப்பு வந்த ஒவ்வொரு முறையும் இவர்கள் மறுத்ததற்குக் காரணம் இதுதான். ஆர்வமோ திறமையோ குறைந்ததில்லை. அவர்கள் இடத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த மாற்று ஆட்களின் சம்பளத்தை நீங்கள் கொடுத்தீர்கள். உங்களில் சிலர் நீங்களே வந்து பெட்டி தூக்கினீர்கள். இந்தப் பயிற்சி நடந்ததே அதனால்தான்.

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 6.21 கோடி, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆனால் இந்த நாட்டு அறக்கட்டளைகள் தரும் நிதியில் லத்தீனோ அமைப்புகளுக்குப் போய்ச் சேருவது ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கட்டிப்போட்ட பணம். தடுப்பூசி முகாமுக்கு என்றால் முகாமுக்கு மட்டும். முகாமை நடத்துகிறவர் படிக்க அதில் ஒரு டாலர் எடுக்க முடியாது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதல் நாள் மக்டானல் ஹாலுக்குப் போனோம். குவாடலூப் மாதா கோவில் வளாகத்தில் இருக்கும் எளிய கட்டடம். இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். அதைச் சுற்றியுள்ள மேஃபேர் பகுதியில்தான் 1952இல் ஃப்ரெட் ராஸ் வீடு வீடாகப் போனார். 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘சமூக சேவை அமைப்பு’ (Community Service Organization) என்ற இயக்கத்தின் கிளை ஒன்றை இங்கே உண்டாக்க வந்தவர் அவர். பெரிய கூட்டம் போட மாட்டார். ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தார் சிலரை உட்காரவைத்து அவர்கள் குறைகளைக் கேட்பார். கலையும்போது, அடுத்த கூட்டத்தைத் தங்கள் வீட்டில் வைக்க யார் தயார் என்று கேட்பார். கை தூக்குகிறவர் யார் என்று பார்ப்பதுதான் அவர் தலைவர்களைக் கண்டுபிடித்த வழி. பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் தலைவரான சீசர் சாவேஸை அவர் சந்தித்தது அப்படி ஒரு வீட்டில்தான். 1955இல் ஸ்டாக்டனில் டோலோரஸ் ஹுவெர்ட்டாவும் இதே அமைப்புக்குள் வந்தார். சாவேஸும் ஹுவெர்ட்டாவும் சேர்ந்து 1962இல் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிழக்கே நியூயார்க்கில் அந்தோனியா பந்தோஹா புவெர்ட்டோ ரிக்க மாணவர்களைத் தலைவர்களாக வளர்க்க 1961இல் அஸ்பீரா அமைப்பை நிறுவினார். இப்படித் தலைவர்களை வளர்ப்பது இந்தச் சமூகத்துக்குப் புதிதில்லை என்று தெரிந்ததும் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கணக்கு வகுப்பு எடுத்த நம் தணிக்கையாளர் தம்பதிக்குத் தனி வணக்கம். தொண்டு அமைப்புகள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவத்தை வரி வரியாகப் பிரித்துச் சொன்னீர்கள். அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நன்கொடையாளர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. இப்போது நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேள்விகள் வருகின்றன, கூட்டம் நீள்கிறது. எனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

அப்புறம், மிகக் கடினமான வகுப்பு: நிறுவியவர் விலகினால் அமைப்பு என்னவாகும்? தம் சமையலறை மேசையில் அமைப்பைத் தொடங்கிய ஒரு மூத்த அம்மா அன்று வாய் திறக்கவில்லை. எல்லோரும் டோன்யா என்று மரியாதையாக அழைக்கும் அவர், அடுத்த வகுப்புக்கு வரும்போது தம் தொலைபேசிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். நகரமன்ற அலுவலகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும், எந்த மளிகைக் கடைக்காரர் கடன் தருவார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த இளம் உதவியாளரிடம் கொடுத்து, “படி மகளே, புரியாததைக் கேள்” என்றார். டோன்யா, உங்களுக்கும் என் நன்றி. இதைத் தமிழ் தெரிந்த யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள்.

காதொலிக் கருவி வழியாக ஆங்கில வகுப்புகளை ஸ்பானிய மொழியில் உடனுக்குடன் சொன்ன மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி. மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து வந்த, மிஸ்தேக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெண்மணிக்கு ஸ்பானியமே இரண்டாவது மொழி. வேகமாகப் பேசியவர்களை நிறுத்தி அவருக்காகத் திரும்பச் சொல்லவைத்தீர்கள். பின் அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும், போசோலே சூப் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி. விடுமுறை நாளில் மனைவியையும் அம்மாவையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட கணவர்களே, பிள்ளைகளே, உங்களுக்கும்தான்.

பயிற்சி முடிந்த பிறகும் ஃப்ரீமான்ட்டிலிருந்து சிலர் சனிக்கிழமை உணவு வழங்கலுக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் இயக்குநருக்குக் காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அடுத்த ஆண்டுக்கான நிதி விண்ணப்பத்தை அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் மாற்று ஆட்களின் சம்பளத்துக்கென்று முதல்முறையாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பொருளாளர்
சான் ஹொசே