கிரிஸ்டலைக் குறை சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட் எனும் பொதுமக்கள் பேச்சுப் பட்டை) ரேடியோக்களை மாற்றியமைப்பது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிர்வெண் சரியாக நிற்காவிட்டால் கிரிஸ்டலை (நிலையான அதிர்வெண் தரும் குவார்ட்ஸ் துண்டை) மாற்றவும், காயில்களை (கம்பிச்சுருள்களை)த் திருகிப் பார்க்கவும் சொல்லியிருந்தார்கள். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவன், இந்த மாதிரி செட்டுகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். கண்டபடி திருகிய செட்டைச் சரிசெய்வதுதான் மூலப் பழுதைவிடப் பெரிய வேலை.

பல செட்டுகளில் 10.240 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் அதிர்வெண்ணை 1024-ஆல் வகுத்து 10 கிலோஹெர்ட்ஸ் எடுக்கிறார்கள். பி.எல்.எல். ஐ.சி. (அதிர்வெண்ணைப் பூட்டிப் பிடிக்கும் சில்லு) அதை வைத்துத்தான் வி.சி.ஓ.வை, அதாவது வோல்டேஜுக்கேற்ப அதிர்வெண் மாறும் அலையாக்கியை, கட்டுப்படுத்துகிறது. வி.சி.ஓ. விலகினால் அதிலுள்ள வேரக்டர் டயோடுக்கு (வோல்டேஜால் அதிர்வெண்ணை மாற்றும் உறுப்புக்கு)ப் போகும் வோல்டேஜ் கூடியோ குறைந்தோ அதை இழுத்துப் பிடிக்கும். மருத்துவர் முதலில் நாடி பார்ப்பதுபோல, முதலில் பார்க்க வேண்டியது அந்த வோல்டேஜைத்தான். டிஜிட்டல் மீட்டரால் பாருங்கள். பழைய முள் மீட்டர் சர்க்யூட்டையே கீழே இழுத்துவிடும். சேனலை மாற்றும்போது வோல்டேஜ் படிப்படியாக நகர்ந்தால் லூப் (இந்தக் கட்டுப்பாட்டுச் சுற்று) வேலை செய்கிறது. ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் லாக் (அதிர்வெண் பூட்டு) விட்டுப்போயிருக்கிறது. அப்போது பல செட்டுகள் டிரான்ஸ்மிட்டே ஆகாது, அவற்றின் வடிவமைப்பே அப்படி.

28 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டைக்கு மாற்றிய செட்டுகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சி.பி.யின் 40 சேனல்கள் 26.965 முதல் 27.405 வரைதான். அதற்காக அமைத்த வி.சி.ஓ.வை ஒரு மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளினால் கீழ்ச் சேனல்கள் பேசும், மேல்ச் சேனல்கள் ஊமையாகும். இங்கே மட்டும் வி.சி.ஓ. காயிலைத் திருகலாம், அதுவும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, பிளாஸ்டிக் திருப்புளியால். இரும்புத் திருப்புளி ஃபெரைட் கோரை உடைத்துவிடும்.

சில சேனல்கள் மட்டும் தவறினால்? சேனல் சுவிட்சிலிருந்து ஐ.சி.க்குப் போகும் கால்களைப் பாருங்கள். அவை 1, 2, 4, 8 என்ற மதிப்புகளில் சேனலைக் குறிப்பவை; ஒரு படி 10 கிலோஹெர்ட்ஸ். 8 மதிப்புள்ள கால் சிக்கிக்கொண்டால் அந்தச் சேனல்கள் மட்டும் 80 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். கூடுதல் சேனலுக்காக யாரோ வைத்த ஒயரும் அரைகுறை சாலிடரும் அங்கேதான் இருக்கும். ஒன்று, 23-ஆம் சேனல் 24-ஐவிட மேலே இருப்பது பழுதல்ல; முறையே 27.255, 27.235 என்றுதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கிரிஸ்டல் விலகினால் எல்லாச் சேனலும் ஏறக்குறைய ஒரே அளவு நகரும். அப்போது மட்டுமே அதன்மேல் சந்தேகப்படுங்கள்.

எஸ்.எஸ்.பி.யில் (ஒரு பக்கப்பட்டையில் மட்டும் பேசும் முறையில்) பேசும்போது குரல் தள்ளாடினால் கிளாரிஃபையர் (அதிர்வெண்ணை நுணுக்கமாகத் திருத்தும் குமிழ்) பக்கம் போங்கள். டிரான்ஸ்மிட்டிலும் வேலை செய்யவேண்டும் என்று அதை மாற்றுகிறவர்கள், அதற்கான வோல்டேஜை ரெகுலேட்டரிலிருந்து (வோல்டேஜை நிலையாக வைக்கும் பகுதியிலிருந்து) எடுக்காமல் சில நேரம் நேராக 13.8 வோல்ட் லைனிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். குரல் உரக்கும்போதெல்லாம் அந்த லைன் கொஞ்சம் இறங்கும், அதிர்வெண்ணும் கூடவே நகரும். பேசிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரெகுலேட்டர் பக்கம் ஒயரை மாற்றினால் போதும்.

அப்புறம், இந்தச் சோதனைகளை ஆன்டெனாவில் செய்யாமல் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மின்சக்தியை உறிஞ்சும் மின்தடையில்) செய்யவேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. 28 மெகாஹெர்ட்ஸில் பேச அமெச்சூர் உரிமம் வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்